முடுக்கிய கடிகாரமும் நான்கு ராம் பட்டைகளும்

கணிப்பொறியின் நுண்செயலியைக் கழற்றிப் பார்த்தால் அதன் உலோக முதுகில் 2.40 கிகாஹெர்ட்ஸ் என்பது போன்ற ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். வினாடிக்கு 240 கோடித் துடிப்புகள் என்பது அதன் பொருள். இந்த எண்ணை யார் விதித்தார்கள்? நீரின் கொதிநிலை போல, ஒளியின் வேகம் போல, இயற்கை தந்த எண்ணா இது? இல்லை. ஒரே சிலிக்கான் வட்டிலிருந்து வெட்டப்பட்ட சில்லுகளை ஆலையில் சோதித்து, “இவ்வளவு மின்னழுத்தம் தந்து, இவ்வளவு வெப்பத்துக்குள் வைத்தால் இவ்வளவு வேகத்தில் பிழையின்றி வேலை செய்யும்” என்று தரம் பிரித்து எழுதிய உறுதிமொழியே அது. உறுதிமொழி தருகிறவர் எப்போதும் சற்றுக் குறைத்துத்தான் சொல்வார். சொன்ன வேகத்துக்கும் சில்லின் உண்மையான எல்லைக்கும் இடையே சிறிது இடம் மிஞ்சும். அந்த இடத்துக்குள் புகுந்து வேகத்தைக் கூட்டிக்கொள்ளும் வேலைக்குத்தான் ஓவர்கிளாக்கிங் என்று பெயர். நாம் ‘மிகைவேகம் ஏற்றுதல்’ என்போம்.

என் மாணவர்கள் சிலர் சென்னை ரிச்சி தெருவில் பழைய மேசைக் கணிப்பொறிகளை மலிவாக வாங்கி வருகிறார்கள். நான்கு கோர் கொண்ட நுண்செயலி; தாய்ப்பலகையில் நான்கு ராம் செருகுவாய்கள். நான்கையும் நிரப்பிவிட்டு, அதன் மேல் மிகைவேகமும் ஏற்றலாமா என்று கேட்கிறார்கள். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் ஒரு தகப்பனாரின் மாதச் சம்பளத்தில் ஒரு பங்கு அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. ஆகையால் ‘செய்யலாம்’, ‘கூடாது’ என்று ஒரு சொல்லில் விடை கூறி அனுப்ப எனக்கு மனம் வருவதில்லை. இந்தக் கேள்விக்குப் பின்னால் நாற்பது ஆண்டு வரலாறு இருக்கிறது. அதை அறிந்தால் விடை தானே விளங்கும்.

முதலில், கடிகாரத் துடிப்பு எதற்கு என்று பார்ப்போம். கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி உருட்டாலையைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். உலையிலிருந்து வரும் செங்கட்டி வரிசையாக நிற்கும் உருளைச் சோடிகளினூடே புகுந்து, ஒவ்வொன்றிலும் சற்று மெலிந்து, நீண்டு, கடைசியில் கம்பியாக வெளியேறுகிறது. ஒவ்வொரு சோடியும் அடுத்ததன் வேகத்துக்கு இசைந்து சுழல வேண்டும். முன்னது வேகமாகத் தள்ள, பின்னது வாங்கிக்கொள்ளத் தவறினால் செந்தழலாய் இருக்கும் கம்பி வளைந்து, துள்ளி, தளமெங்கும் சுருண்டு விழும். நுண்செயலியிலும் வேலை இப்படிப் படிப்படியாகவே நடக்கிறது. ஒரு படியின் விடை அடுத்த படியின் வாசலுக்கு வந்து நிலைத்த பிறகுதான் அடுத்த துடிப்பு விழலாம். முன்னதாக விழுந்தால் பாதி மாறிய எண்ணையே அடுத்த படி எடுத்துக்கொள்ளும். உருட்டாலையில் ஏற்படும் கோளாறு கண்ணுக்குத் தெரியும், ஓசையும் கேட்கும். கணிப்பொறியில் இரண்டும் இல்லை. இந்த வேறுபாட்டை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

தொலைக்காட்சி விதித்த வேகம்

1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். நிறுவனம் தன் முதல் சொந்தக் கணிப்பொறியை வெளியிட்டது. அதில் இருந்த இன்டெல் 8088 நுண்செயலி 5 மெகாஹெர்ட்ஸ் வேகத்துக்கு உரியது. ஆனால் அது ஓடியதோ 4.77 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில்! காரணம் வேடிக்கையானது. அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சியின் நிற அலைக்கு 3.579545 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண். கணிப்பொறியைத் தொலைக்காட்சித் திரையில் இணைக்க வசதியாக, அதன் நான்கு மடங்கான 14.318 மெகாஹெர்ட்ஸ் குவார்ட்ஸ் படிகம் ஒன்றையே பொருத்தினார்கள். அதை மூன்றால் வகுத்து நுண்செயலிக்குத் துடிப்பாகத் தந்தார்கள். ஒரு படிகத்தின் விலை மிச்சம். ஆக, இந்தப் புகழ்பெற்ற கணிப்பொறியின் வேகத்தை முடிவு செய்ததில் நுண்செயலியின் திறனைவிடத் தொலைக்காட்சிக்கே பங்கு அதிகம்.

1984-இல் வந்த ஐ.பி.எம். ஏ.டி. கணிப்பொறியில் 12 மெகாஹெர்ட்ஸ் படிகம் இருந்தது. அதைப் பாதியாக்கி 6 மெகாஹெர்ட்ஸில் 80286 நுண்செயலி ஓடியது. படிகம் செருகி எடுக்கக்கூடியதாக இருந்ததைக் கண்ட சிலர், அதைப் பிடுங்கிவிட்டு 16 மெகாஹெர்ட்ஸ் படிகத்தைச் செருகினார்கள். வேகம் 8 மெகாஹெர்ட்ஸ் ஆயிற்று. சில ரூபாய்ச் செலவில் மூன்றில் ஒரு பங்கு வேகம் கூடுதல்! மிகைவேகக் கலையின் பரவலான தொடக்கம் இதுவே எனலாம். நிறுவனத்துக்கு இது பிடிக்கவில்லை. பின்னர் வந்த ஏ.டி. கணிப்பொறிகளின் தொடக்க நிரலில், கணிப்பொறி எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று அளந்து பார்த்து, மிகையாக இருந்தால் இயங்க மறுக்கும் சோதனையைச் சேர்த்துவிட்டார்கள்.

அடுத்த திருப்பம் 1992-இல் வந்தது. இன்டெல்லின் 486 டி.எக்ஸ்.2 நுண்செயலி வெளியுலகோடு 33 மெகாஹெர்ட்ஸில் பேசிக்கொண்டு, தனக்குள்ளே 66 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. தாய்ப்பலகையின் துடிப்பு ஒன்று. அதைப் பெருக்கிக் கிடைக்கும் உள்வேகம் வேறொன்று. இதற்குப் பின் வேகம் என்பது இரண்டு எண்களின் பெருக்குத்தொகையாகிவிட்டது: அடிப்படைத் துடிப்பு, பெருக்கி எண். குறைந்த வேகச் சில்லின் எழுத்தை அழித்து உயர்ந்த வேகத்தை எழுதி விற்கும் மோசடி பெருகியதால், பெருக்கி எண்ணை நிறுவனம் பூட்டி வைத்தது. ஆனால் அடிப்படைத் துடிப்பு தாய்ப்பலகையின் கையில் அல்லவா இருக்கிறது!

1998 ஆகஸ்டில் வந்த செலரான் 300ஏ இதற்குச் சிறந்த சான்று. அதன் அடிப்படைத் துடிப்பு 66 மெகாஹெர்ட்ஸ். பெருக்கி எண் 4.5, வேகம் 300 மெகாஹெர்ட்ஸ். அக்காலத் தாய்ப்பலகைகள் பல 100 மெகாஹெர்ட்ஸ் துடிப்பையும் தரவல்லவை. நுண்செயலி அட்டையின் பி21 என்ற ஒரு முனையின் மேல் துண்டு நாடாவை ஒட்டி மறைத்தால் போதும், தாய்ப்பலகை ஏமாந்து 100 மெகாஹெர்ட்ஸ் துடிப்பைத் தந்துவிடும். நுண்செயலி 450 மெகாஹெர்ட்ஸில் ஓடும். மிக விலையுயர்ந்த பென்டியம் 2-க்கு இணையான வேகம் அது. பெரும்பாலான சில்லுகள் இதைத் தாங்கின. உலகெங்கும் இளைஞர்களுக்கு இந்தக் கலையில் ருசி ஏற்பட்டது இந்தச் சில்லினால்தான்.

சுவரில் மோதிய ஆண்டு

அதே காலத்தில் ஆலைகளே வெறியோடு வேகத்தைக் கூட்டிக்கொண்டிருந்தன. 2000 மார்ச்சில் 1 கிகாஹெர்ட்ஸ் எட்டப்பட்டது. 2004 நவம்பரில் பென்டியம் 4 நுண்செயலி 3.8 கிகாஹெர்ட்ஸில் வந்தது. அத்துடன் நின்றது. அதற்கு முந்தைய மாதமே 4 கிகாஹெர்ட்ஸ் சில்லைக் கைவிடுவதாக இன்டெல் அறிவித்திருந்தது. அதன் தலைவர் கிரேக் பாரட் ஒரு மாநாட்டு மேடையில் மண்டியிட்டு விளையாட்டாக மன்னிப்புக் கேட்டார்.

ஏன் நின்றது? இங்கே சிறிது இயற்பியல் தேவைப்படுகிறது. சில்லில் உள்ள ஒவ்வொரு டிரான்சிஸ்டரும் ஒரு சிறு மின்தேக்கியை நிரப்பியும் வடித்தும் வேலை செய்கிறது. இதில் செலவாகும் மின்திறன், மின்தேக்குத்திறன், மின்னழுத்தத்தின் இருபடி, அதிர்வெண் ஆகிய மூன்றின் பெருக்குத்தொகைக்கு நேர்விகிதத்தில் இருக்கும். ‘இருபடி’ என்ற சொல்லைக் கவனியுங்கள். ஐ.பி.எம்.மைச் சேர்ந்த ராபர்ட் டென்னார்டும் அவருடைய தோழர்களும் 1974-இல் ஒரு வழி காட்டினார்கள்: டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கும்போது மின்னழுத்தத்தையும் அதே விகிதத்தில் குறைத்தால், வேகம் கூடினாலும் ஒரு சதுர சென்டிமீட்டரில் உண்டாகும் வெப்பம் கூடாது. முப்பது ஆண்டுகள் தொழில் இந்த விதியின் நிழலில் வளர்ந்தது. ஆனால் மின்னழுத்தம் 1 வோல்ட்டை நெருங்கியதும் மேலும் குறைக்க இயலவில்லை. குறைத்தால், மூடியிருக்க வேண்டிய டிரான்சிஸ்டர்கள் பழுதான குழாய் போல மின்னோட்டத்தைக் கசியவிட்டன. இப்படியே போனால் சில்லின் வெப்பச் செறிவு அணு உலையை எட்டும், பின்பு ராக்கெட்டின் புகைவாயை எட்டும், அப்புறம் சூரியனின் மேற்பரப்பையே எட்டும் என்று இன்டெல்லின் பாட் கெல்சிங்கர் 2001-இல் எச்சரித்திருந்தார்.

வேகத்தைக் கூட்ட முடியாவிட்டால் ஆட்களைக் கூட்ட வேண்டியதுதானே! சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் 2004-இல் ‘கப்ரு’ என்ற கணிப்பொறித் தொகுதி அமைக்கப்பட்டது. கஞ்சன்ஜங்காவின் அருகே அப்பெயரில் ஒரு சிகரம் உண்டு. துகள் இயற்பியல் கணக்குகளுக்காக 144 கணிப்பொறிகளை ஒன்றாகப் பின்னியிருந்தார்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு சியான் நுண்செயலிகள். ஒவ்வொரு நுண்செயலியின் வேகமும் 2.4 கிகாஹெர்ட்ஸ்.

மூன்றாண்டு கழித்து, 2007 ஜனவரியில், இன்டெல் கோர் 2 குவாட் க்யூ6600 என்ற நுண்செயலி வந்தது. இரண்டு கோர் கொண்ட சில்லுகள் இரண்டை ஒரே உறைக்குள் வைத்து நான்கு கோர் ஆக்கியிருந்தார்கள். அதன் வேகம்? அதே 2.4 கிகாஹெர்ட்ஸ்! கோரின் அமைப்பு மேம்பட்டிருந்தது; துடிப்பு மட்டும் அங்கேயே நின்றது. முதலில் 851 டாலராக இருந்த அதன் விலை 2007 ஜூலையில் 266 டாலராக இறங்கியதும் அது வீடுகளுக்குள் நுழைந்தது. அதே ஆண்டில் நம் மாவட்டத்தை அடுத்த ஸ்ரீபெரும்புதூரில் டெல் நிறுவனம் கணிப்பொறி ஆலையைத் தொடங்கியது.

திருவள்ளூர் வெயிலில் ஒரு கணக்கு

இந்த க்யூ6600-ஐயே எடுத்துக்கொள்வோம். என் மாணவர்கள் கொண்டுவருவதும் பெரும்பாலும் இந்தக் குடும்பத்துச் சில்லுகளைத்தான். அடிப்படைத் துடிப்பு 266 மெகாஹெர்ட்ஸ், பெருக்கி எண் 9, வேகம் 2.4 கிகாஹெர்ட்ஸ். துடிப்பை 333 ஆக்கினால் வேகம் 3 கிகாஹெர்ட்ஸ் ஆகிவிடும். நாடாகூட ஒட்ட வேண்டாம். தொடக்கத் திரையில் ஓர் எண்ணை மாற்றினால் போதும். உலகெங்கும் பல்லாயிரம் பேர் இதைச் செய்து வெற்றி கண்டிருக்கிறார்கள் என்பது உண்மையே.

அதன் பிந்தைய பதிப்புக்கு உரிய வெப்பத்திறன் 95 வாட். மேல் உறையின் வெப்பம் 71 டிகிரி செல்சியசைத் தாண்டக்கூடாது என்பது விதி. வேகத்தை 25 விழுக்காடு கூட்டுகிறோம்; அதற்குத் துணையாக மின்னழுத்தத்தை 10 விழுக்காடு கூட்டுவதாகக் கொள்வோம். 1.25 பெருக்கல் 1.1 பெருக்கல் 1.1 என்பது ஏறக்குறைய 1.51. அதாவது 95 வாட் சுமார் 144 வாட் ஆகிறது. வேகம் கால் பங்கு கூட, வெப்பம் பாதிப் பங்கு கூடுகிறது.

நம்மிடம் உள்ள விசிறியும் உலோகத் தகடுகளும் வாட்டுக்கு 0.3 டிகிரி ஏற்றத்துடன் வெப்பத்தை வெளியேற்றும் என்று வைத்துக்கொள்வோம். 144 வாட்டுக்கு 43 டிகிரி. குளிர்நாட்டு அறை ஒன்றில் காற்றின் வெப்பம் 22 டிகிரி என்றால் நுண்செயலி 65 டிகிரியில் நிற்கும், விதிக்குள் அடங்கிவிட்டது. மே மாதத்தில் திருவள்ளூரில், மின்விசிறி மட்டும் சுழலும் அறையில், 38 டிகிரி என்று கொள்ளுங்கள். 81 டிகிரி! அதே சில்லு, அதே விசிறி, அதே அமைப்பு. மாறியது ஊர் மட்டுமே. மிகைவேகம் ஏற்றாமல் விட்டால் அதே அறையில் 66 அல்லது 67 டிகிரி. எல்லைக்கு நான்கைந்து டிகிரி குறைவு. நம் ஊரில் ஆலை விட்டுவைத்த இடைவெளியில் பெரும்பகுதியைச் சூரியனே எடுத்துக்கொண்டுவிட்டது என்று நான் மாணவர்களிடம் சொல்வதுண்டு. அத்திப்பட்டில் வடசென்னை அனல் மின் நிலையத்தைக் கடலோரத்தில் கட்டியது ஏன் என்று யோசித்துப் பாருங்கள். வெப்பத்தை உண்டாக்குவதைவிட அதைக் கொட்டுவதற்கு இடம் தேடுவதுதான் கடினம்.

நான்கு செருகுவாய்களின் சங்கடம்

வெப்பத்தைப் பெரிய விசிறியால் சமாளிக்கலாம் என்று ஒருவர் சொல்லலாம். சரி. இனி ராம் பட்டைகளுக்கு வருவோம். பலரும் எண்ணிப் பாராத இடம் இதுதான்.

இக்கணிப்பொறியின் அடிப்படைத் துடிப்பு நுண்செயலிக்கு மட்டும் சொந்தமன்று. ராமின் துடிப்பும் அதிலிருந்தே ஒரு விகிதத்தில் பிறக்கிறது. டி.டி.ஆர்.2-800 வகை ராமுக்கு 400 மெகாஹெர்ட்ஸ் துடிப்பு வேண்டும். 266-க்கு 400 என்பது 2:3 விகிதம். இதை மாற்றாமல் 266-ஐ 333 ஆக்கினால் ராமின் துடிப்பு 500 ஆகிவிடும். நுண்செயலி தாங்கிவிடும், ராம் தாங்காது. விகிதத்தை 5:6 ஆக்கினால்தான் மீண்டும் 400-க்கு இறங்கும். “நுண்செயலி கெட்டுவிட்டது” என்று முடிவு கட்டும் பலருக்கு உண்மையில் கெட்டது இந்த விகிதம்தான்.

விகிதத்தைச் சரியாக வைத்தாலும், நான்கு செருகுவாய்களையும் நிரப்பியவருக்கு இன்னொரு இடர்ப்பாடு உண்டு. நான்கும் தனித்தனிப் பாதைகள் அல்ல. தாய்ப்பலகையில் இரண்டே பாதைகள். ஒவ்வொன்றிலும் இரண்டு செருகுவாய்கள், ஒரே தெருவில் இரண்டு வீடுகள் போல. இருபுறமும் சில்லுகள் உள்ள பட்டையில் பொதுவாக 16 சில்லுகள் இருக்கும். “இந்த முகவரியில் உள்ளதை எடு” என்ற ஆணையைச் சுமக்கும் கம்பித்தடம் அத்தனை சில்லுகளின் வாசலையும் தொட்டாக வேண்டும். ஒரு பட்டை என்றால் 16 வாசல். இரண்டு என்றால் 32. ஒவ்வொரு வாசலும் ஒரு சிறு மின்தேக்கி. சுமை இரட்டித்தால் மின்னழுத்தம் ஏறி இறங்கும் நேரமும் நீளும். செங்குத்தாக எழ வேண்டிய துடிப்பு சாய்ந்த மேடாகிவிடும்.

இன்னொன்று எதிரொலி. 800 வகையில் ஒரு தரவுக் கம்பியில் ஒரு துணுக்குக்குக் கிடைக்கும் நேரம் 1.25 நானோவினாடி. தாய்ப்பலகையின் செப்புத் தடத்தில் அந்நேரத்தில் சைகை ஏறத்தாழ 19 சென்டிமீட்டர் செல்லும். நுண்செயலிப் பக்கத்திலிருந்து ராம் செருகுவாய் வரை உள்ள தூரமும் இதனோடு ஒப்பிடத்தக்கதே! ஆகவே கம்பியை வெறும் கம்பியாகக் கருத முடியாது. அதில் அலை ஓடுகிறது. தடம் இரண்டாகப் பிரியும் இடத்தில் அலையின் ஒரு பகுதி திரும்பி வந்து, அடுத்து வரும் துணுக்கின் மேல் படிகிறது. சுவரில் கட்டிய கயிற்றை உதறினால் திரும்பி வருமே, அதே நிகழ்ச்சிதான். இதை அடக்குவதற்காகவே டி.டி.ஆர்.2 சில்லுகளின் உள்ளேயே முடிவுத் தடைகளை அமைத்தார்கள். அவை எதிரொலியைக் குறைத்தன, ஒழிக்கவில்லை. ஆணைக்கு ஒரு துடிப்புக்குப் பதில் இரண்டு துடிப்பு நேரம் தரும் ‘2டி’ என்ற அமைப்பும், நினைவகக் கட்டுப்பாட்டுச் சில்லின் மின்னழுத்தத்தைச் சிறிது உயர்த்துவதும் நான்கு பட்டைக்காரர்களின் கைமருந்துகளாயின. ஒரே வேகப் பட்டைகள் இரண்டு தனியாக எட்டும் துடிப்பை அவையே நான்காகச் சேர்ந்து எட்டுவது அரிது. பட்டைகளில் குறை இல்லை. பாதையின் மேல் சுமை கூடிவிட்டது.

இதில் அஞ்ச வேண்டியது கணிப்பொறி நின்றுவிடுவதை அன்று. நின்றால் நல்லது, மிகைவேகத்தைக் குறைத்துக்கொள்வோம். நிற்காமல் தவறு செய்வதுதான் ஆபத்து. 35 என்ற மதிப்பெண்ணைக் கணிப்பொறி 100011 என்று எழுதிவைக்கும்; 32-உம் 2-உம் 1-உம் சேர்ந்தது அது. முதலில் உள்ள ஒரே ஒரு துணுக்கு 1-இலிருந்து 0 ஆனால் 3 ஆகிவிடும். தேறிய மாணவன் தோற்றுவிட்டான். திரையில் எந்த எச்சரிக்கையும் இல்லை. பட்டறையின் வரைபடமாக இருந்தால் ஒரு துளையின் விட்டம் மாறும். இத்தகைய தவறுகளைக் கண்டுபிடித்துத் திருத்தும் முறையை பெல் ஆய்வகத்தின் ரிச்சர்ட் ஹாமிங் 1950-இலேயே வெளியிட்டார். 64 துணுக்குகளோடு 8 துணுக்குகளைக் கூடுதலாக வைத்து, பெரிய பணிக் கணிப்பொறிகளின் ராம் இன்றும் இவ்வகையில் தன்னைத் திருத்திக்கொள்கிறது. வீட்டு மேசைக் கணிப்பொறிகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை.

ஆலையே எடுத்துக்கொண்ட இடைவெளி

2008 நவம்பரில் இன்டெல்லும், அதற்கு ஐந்தாண்டு முன்பே ஏ.எம்.டி.யும், நினைவகக் கட்டுப்பாட்டை நுண்செயலிக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டன. 2011 ஜனவரியில் வந்த இன்டெல் வரிசையில் அடிப்படைத் துடிப்பு 100 மெகாஹெர்ட்ஸில் மற்ற உறுப்புகளோடு சேர்த்துக் கட்டப்பட்டது. ‘கே’ என்ற எழுத்து உள்ள விலையுயர்ந்த வகைக்கு மட்டும் பெருக்கி எண்ணின் பூட்டு திறக்கப்பட்டது. இரகசியமாகச் செய்த காரியம் விலைப்பட்டியலில் ஏறிவிட்டது. இக்காலச் சில்லுகளோ தம் வெப்பத்தைத் தாமே அளந்து, இடம் இருக்கும்போது வேகத்தை ஏற்றி, சூடானதும் இறக்கிக்கொள்கின்றன. 2011 செப்டம்பர் 15 அன்று நம் திருவள்ளூர் மாவட்டத்தில் தொடங்கிவைக்கப்பட்ட அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால் மாணவர் கைக்குக் கணிப்பொறி வந்தது. மடிக்கணினியின் மெல்லிய உடலில் வெப்பத்தைக் கொட்ட இடம் ஏது? அந்தத் தலைமுறைக்கு மிகைவேக ஆசை எழ வாய்ப்பே குறைவு.

ஆனால் நான்கு செருகுவாய்களின் சங்கடம் மட்டும் தீரவில்லை. 2022 செப்டம்பரில் வந்த ஏ.எம்.டி. ரைசன் 7000 வரிசையைப் பாருங்கள். இரண்டு டி.டி.ஆர்.5 பட்டைகளுக்கு 5200 என்ற வேகத்தை உறுதி கூறும் அதே நிறுவனம், நான்கையும் நிரப்பினால் 3600-க்கு மேல் உறுதி கூறுவதில்லை. மிகைவேகம் ஏற்றுவது இருக்கட்டும், விதித்த வேகமே மூன்றில் ஒரு பங்குக்கு நெருக்கமாக இறங்கிவிடுகிறது.

ஆகவே பழைய நான்கு கோர் பெட்டியை வைத்திருக்கும் இளைஞர்களுக்கு நான் சொல்வது இதுதான். இரண்டு பெரிய பட்டைகளில் வேலை முடியுமானால் நான்கு சிறியவற்றை நாடாதீர்கள். நான்குதான் இருக்கிறது என்றால், ஆலை விதித்த வேகத்திலேயே முதலில் மெம்டெஸ்ட் போன்ற நினைவகச் சோதனை நிரலை ஓர் இரவு முழுதும் ஓடவிடுங்கள். ஒரு பிழைகூட வரக்கூடாது. பிறகு ராமின் விகிதத்தை இறக்கிவைத்துவிட்டு, மின்னழுத்தத்தைத் தொடாமல், அடிப்படைத் துடிப்பை ஐந்து ஐந்தாக ஏற்றிப் பாருங்கள். ஒவ்வொரு படியிலும் நினைவகச் சோதனையோடு, பகா எண் தேடும் பிரைம்95 நிரலையும் சில மணி நேரம் ஓடவிட்டு வெப்பத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்தச் சோதனையை மார்கழியில் செய்து திருப்தி அடைந்துவிட வேண்டாம்; சித்திரையில் ஒருமுறை மீண்டும் செய்யுங்கள்.